கொடிக்கு 40 கஜத்துக்குள் வந்ததும் எல்லாம் கெட்டுப்போகிறது: பிட்ச், சிப் எப்படி அடிக்கிறீர்கள்?

பாம்பன்காத்து

எல்லோருக்கும் வணக்கம். பிஜிஏ டூர் 2கே23 என்ற கோல்ஃப் வீடியோ கேம் ஆட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. டிரைவ், அதாவது முதல் நீள அடி, ஓரளவு நேராகப் போகிறது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், பந்தை உருட்டிக் குழிக்குள் போடுவதிலும் பெரிய குறை இல்லை. குழியில் நட்டிருக்கும் கொடிக்கு 40 கஜத்துக்குள் வந்துவிட்டால்தான் கணக்கு கெடுகிறது.

போன சனிக்கிழமை ராத்திரி நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து 18 குழி ஆடினோம். ஏழாவது குழி, பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்கவேண்டியது. இரண்டாவது அடியில் பந்து கிரீனுக்கு முன்னால், கொடிக்கு 35 கஜத்தில் நின்றது. நல்ல குட்டைப் புல், தடை எதுவும் இல்லை. பிட்ச், அதாவது பந்தைத் தூக்கிப் போடும் சின்ன அடி, எடுத்தேன். கொடியைத் தாண்டி 12 கஜம் போய்ப் பின்பக்கப் புல்லில் சிக்கியது. பயந்துபோய் அடுத்ததை மெதுவாகத் தட்டினேன், கிரீன் விளிம்பைக்கூடத் தொடவில்லை. இன்னொரு சிப் (தாழ்வாகத் தட்டி ஓடவிடும் அடி), அப்புறம் கிரீனில் உருட்டும் பட் இரண்டு. மொத்தம் 7. அன்றைக்கு இதே மாதிரி நான்கு குழிகளில் நடந்தது. முதல் இடத்தில் இருந்தவன் கடைசிக்கு முந்தின இடத்துக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பழைய லேப்டாப், அதிலிருந்து ஹெச்டிஎம்ஐ கேபிள் போட்டு வீட்டு டிவியில் ஆடுகிறேன். கண்ட்ரோலர் ப்ளூடூத். அதன் குச்சியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளும் முறைதான், மூன்று கிளிக் முறை இல்லை. பாம்பனில் எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டை ஆடுகிறவர் யாரும் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்பூர்_கொடி

நண்பா, எல்லாவற்றுக்கும் ஃப்ளாப் அடித்துப் பழகு. 64 டிகிரி வெட்ஜ் (முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை) வைத்துக்கொள். பந்து நெட்டுக்குத்தாக மேலே போய் அப்படியே விழும், ஓடாது. ஓட்டமே இல்லையென்றால் தாண்டிப் போகும் பிரச்சினையும் இல்லை. நான் 30 கஜத்துக்குள் வேறு எதையும் தொடுவதில்லை.

கீழக்கரை_கடலோரம்

அஸ்ஸலாமு அலைக்கும், தம்பி. உப்பூர்த் தம்பி சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. 35 கஜப் பிட்ச் அடிக்கும்போது குறியை எங்கே வைத்தாய்?

பாம்பன்காத்து

வ அலைக்கும் ஸலாம், காக்கா. கொடியின் மேல்தான் வைத்தேன். எப்போதும் அங்கேதான் வைப்பேன். கொடியைத்தானே அடிக்கவேண்டும்?

கீழக்கரை_கடலோரம்

நோய் அங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான் 19 வருடமாகத் துபாயில் வேலை பார்க்கிறேன். இங்கே எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானம் 1988இல் திறந்தது. மத்திய கிழக்கில் முழுக்கப் புல் போட்ட முதல் சாம்பியன்ஷிப் மைதானம் அதுதான். கம்பெனி நண்பர் ஒருவர் கூட்டிப் போய்த்தான் எனக்கு கோல்ஃப் அறிமுகம். பயிற்சித் திடலில் பந்து அடித்த கை இது. ஊருக்கு லீவில் வந்தால் விளையாட்டில் ஆடுகிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்றாலும், சின்ன அடி விஷயத்தில் அடிப்படை ஒன்றுதான்: பந்து முதலில் எங்கே விழவேண்டும் என்று தீர்மானிக்காமல் கிளப்பை, அதாவது மட்டையை, கையில் எடுக்கக் கூடாது.

டிரைவ் அடிக்கும்போது 10 கஜம் முன்னே பின்னே விழுந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. 35 கஜத்தில் பந்து விழுவது ஒரு பங்கு, விழுந்தபின் ஓடுவது ஒரு பங்கு. நீ கொடியின் மேல் குறி வைத்தால் பந்து பறக்கும் தூரமே 35 கஜம் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அது ஓடும் ஓட்டத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? 12 கஜம் தாண்டியது என்கிறாய். நீ குறி வைத்த இடத்திலேயே பந்து விழுந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அடி சரி, குறி தப்பு.

அடுத்தது, எந்த அடி. பிட்ச் என்றால் பறப்பது அதிகம், ஓடுவது குறைவு. சிப் என்றால் பறப்பது குறைவு, ஓடுவது அதிகம். ஃப்ளாப் என்றால் உயரம்தான் எல்லாமே. என் பழக்கம் இது: பந்துக்கும் குழிக்கும் நடுவில் தாண்டவேண்டிய பொருள் ஒன்றும் இல்லையென்றால் தாழ்வாகப் போகும் அடி. தாண்டவேண்டிய பொருள் இருந்தால், அதைத் தாண்டும் அளவுக்கு மட்டும் உயரம். உயரம் கூடக்கூடத் தப்பு நடக்கும் வழியும் கூடுகிறது. ஃப்ளாப்பில் கை கொஞ்சம் பிசகினாலும் 8 கஜம் குறையும், இல்லை கூடும். சிப்பில் அதே பிசகு 2 கஜம்தான்.

நிஜ கோல்ஃபில் சிப்புக்கு 12 விதி என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 12இலிருந்து கிளப்பின் எண்ணைக் கழி. வருகிற விடைதான், ஒரு பங்கு பறந்தால் எத்தனை பங்கு ஓடும் என்பது. 8 அயர்ன் என்றால் 4 பங்கு ஓடும். 9 அயர்னுக்கு 3. பிட்சிங் வெட்ஜை 10 என்று எடுத்துக்கொள்வார்கள், அதற்கு 2. சாண்ட் வெட்ஜ் 11, அதற்கு 1. கிரீன் சமமாக, நடுத்தர வேகத்தில் இருந்தால் இந்தக் கணக்கு. மேடு, பள்ளம், வேகம் இருந்தால் கூட்டிக் குறைக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பார். குழி 18 கஜத்தில். பிட்சிங் வெட்ஜ். மூன்று பங்காகப் பிரித்தால் பங்குக்கு 6 கஜம். 6 கஜம் பறந்து விழவேண்டும், 12 கஜம் ஓடவேண்டும். உன் கண் குழியைப் பார்க்கவே கூடாது. 6 கஜத்தில் இருக்கிற அந்தப் புல் திட்டைத்தான் பார்க்கவேண்டும். விளையாட்டு இந்த விகிதத்தை அப்படியே பின்பற்றும் என்று நினைத்துவிடாதே. இதை வைத்துக்கொண்டு ஆரம்பி, பத்து இருபது பந்து அடித்து உன் விகிதத்தைக் கண்டுபிடி.

தேவிபட்டினம்_டீச்சர்

கீழக்கரைக்காரர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் கணக்கு டீச்சர், எதையும் நோட்டில் எழுதிப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதல் வேலையாக, குறி எதைக் காட்டுகிறது என்பதை நீங்களே சரிபாருங்கள் தம்பி. பயிற்சித் திடலுக்குப் போய், குறியை ஒரே இடத்தில் வைத்துப் பத்துப் பந்து பிட்ச் அடியுங்கள். பந்து முதலில் தரையைத் தொடுகிற இடத்தை மட்டும் பாருங்கள், கடைசியில் எங்கே நின்றது என்று பார்க்கவேண்டாம். பிறகு அதே மாதிரி சிப், அதே மாதிரி ஃப்ளாப். மூன்றுக்கும் குறியும் விழும் இடமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். இது தெரியாமல் எவ்வளவு ஆடினாலும் இருட்டில் ஆடுவது மாதிரிதான்.

அப்புறம் பட்டியல். டேவ் பெல்ஸ் என்று ஒருவர், நாசாவில் இயற்பியல் ஆய்வாளராக இருந்து கோல்ஃப் பயிற்சிக்கு வந்தவர். கையைக் கடிகார முள்ளாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். பின்னால் எடுக்கும்போது (வலது கை ஆட்டக்காரருக்கு) இடது கை ஏழரை மணியில் நின்றால் ஒரு தூரம், ஒன்பது மணியில் நின்றால் ஒரு தூரம், பத்தரை மணியில் நின்றால் ஒரு தூரம். மூன்று நிலை, நான்கு வெட்ஜ், ஆக 12 தூரம். ஒவ்வொரு தூரத்துக்கும் கையை எவ்வளவு வேகமாக வீசலாம் என்று யோசிக்கத் தேவையில்லை. வேகம் எப்போதும் ஒன்றுதான், பின்னிழுப்பு மட்டும் மாறும்.

இதை விளையாட்டுக்குக் கொண்டுவருவது சுலபம். அடியின் பலத்தைக் காட்டும் பவர் மீட்டரில் பாதி, முக்கால், முழுசு என்று மூன்று நிலை வைத்துக்கொண்டேன். 40 பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு வெட்ஜுக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு நிலைக்கும் பத்துப் பந்து. பத்தில் மிகக் குறைந்ததையும் மிகக் கூடியதையும் விட்டுவிட்டு மீதி எட்டின் சராசரி. எனக்கு 56 டிகிரியில் பாதி பிட்ச் ஏறத்தாழ 24 கஜம் விழுகிறது. உங்களுக்கு அப்படி வராது, கிளப்பும் கஷ்ட அளவும் வேறாக இருக்கும். என் எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இடைப்பட்ட தூரம் வந்தால் என்ன செய்வது? பாதிக்கும் முக்காலுக்கும் நடுவில் நிறுத்தப் பார்க்காமல் கிளப்பை மாற்றுங்கள். 28 கஜம் வேண்டுமா, 52 டிகிரியில் பாதி. கைக்குப் பழகிய நிறுத்தம் மூன்றுதான் இருக்கவேண்டும். நான்காவது ஒன்றைக் கைக்குச் சொல்லிக்கொடுத்தால் முதல் மூன்றும் கலங்கிவிடும். என் அனுபவத்தில் இந்த ஒரு கட்டுப்பாடுதான் என் ஸ்கோரைக் குறைத்தது.

வாலிநோக்கம்_சோழகம்

நான் போனில் கோல்ஃப் கிளாஷ் மட்டும்தான் ஆடுகிறேன், உங்கள் ஆட்டம் தெரியாது. ஆனாலும் காற்றைப் பற்றி யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

பாம்பன் தம்பிக்குக் காற்றைப் பற்றி நான் சொல்லித் தரவேண்டியதில்லை. அங்கே பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தால் சிக்னல் விழாமல் ரயில் நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரியும். திரையில் காற்று 20 மைல் என்று காட்டினால் அது மணிக்கு 32 கிலோமீட்டர். நம் பக்கம் கச்சான் அடிக்கிற மாதங்களில் சாதாரணமாக வீசுகிற காற்றுதான். அந்தக் காற்றில் ஒரு கைப்பிடி மணலை இடுப்பு உயரத்திலிருந்து விடுங்கள், பிறகு தலைக்கு மேலிருந்து விடுங்கள். எது எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். தரைக்குப் பக்கத்தில் காற்றின் வேகம் குறைவு, அதோடு தாழ்வான பந்து காற்றில் இருக்கும் நேரமும் குறைவு. 30 கஜத்தில் ஃப்ளாப் அடித்தால் காற்று உங்கள் பந்தைக் கையில் எடுத்துக்கொள்ளும். சிப் அடித்தால் அது கிட்டத்தட்ட உங்களுடையதுதான்.

எனக்குத் திரையில் காட்டும் அம்பு மனதில் பதிவதில்லை. அதனால் பேர் வைத்துப் பார்ப்பேன். திரையின் மேல்பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொண்டால், எதிரே வருவது வாடை, முதுகில் தள்ளுவது சோழகம், இடப்பக்கத்திலிருந்து வருவது கச்சான், வலப்பக்கத்திலிருந்து வருவது கொண்டல். பேர் சொன்னதும் வள்ளத்தில் உட்கார்ந்த மாதிரி உடம்புக்குத் தெரிந்துவிடும், எந்தப் பக்கம் ஒதுக்கவேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று. கஜம் மனதுக்குப் பிடிபடவில்லையென்றால் பாகமாக மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாகம் ஆறு அடி, சரியாக இரண்டு கஜம். 40 கஜம் என்றால் 20 பாகம். ஆழம் பார்க்கக் கயிறு விட்டுப் பழகிய கைக்கு 20 பாகம் எவ்வளவு என்று தெரியும்.

பாம்பன்காத்து

வாலிநோக்கம் அண்ணே, பாகம் என்றதும் சட்டென்று பிடிபட்டது. அப்பா வள்ளத்தில் போகிறவர். அவரிடம் 20 பாகம் என்றால் வாசலில் நின்றபடியே அந்தப் பூவரச மரத்தைக் காட்டுகிறார். அவ்வளவு தூரம்தானா என்று ஆச்சரியமாக இருந்தது. திரையில் பார்க்கும்போது அது எவ்வளவோ தள்ளி இருக்கிற மாதிரி தெரிந்தது.

டீச்சர், நோட்டுப் போட்டுவிட்டேன். முதல் நாள் கணக்கு குழப்பமாக இருக்கிறது. 56 டிகிரி பாதி, பத்துப் பந்து: 19, 27, 22, 31, 20, 28, 24, 33, 21, 29. இது ஒரே அடி மாதிரியா இருக்கிறது? ஒரே இடத்தில்தான் நிறுத்துகிறேன் என்று நினைக்கிறேன். அதோடு பாதிப் பந்து வலது பக்கம் இழுக்கிறது.

தொண்டி_சர்வீஸ்

இந்த எண்களைப் பார்த்ததும் உள்ளே வருகிறேன். நான் போன், கண்ட்ரோலர் எல்லாம் பழுது பார்க்கிறவன். உங்கள் கையில் குற்றம் இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாமானைப் பார்க்கவேண்டும்.

முதலாவது டிவி. நீங்கள் குச்சியை இழுக்கும் நொடிக்கும் திரையில் மீட்டர் அசையும் நொடிக்கும் நடுவில் ஒரு தாமதம் இருக்கிறது. டிவி படத்தை அழகாக்குவதற்கு உள்ளே நிறைய வேலை செய்கிறது, அதற்குத்தான் அந்த நேரம். பழைய டிவி சிலவற்றில் இது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலேயே போகும். மீட்டர் ஒரு நொடியில் நிரம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் திரையில் பாதியைப் பார்த்து நிறுத்தும்போது உண்மையில் அது பாதியைத் தாண்டி பத்தில் ஒரு பங்கு போயிருக்கும். முழு டிரைவில் இது தெரியாது, அங்கே கடைசி வரைக்கும் இழுத்துவிடுகிறீர்கள். பாதி அடியில்தான் தெரியும். உங்கள் பிரச்சினை சின்ன அடியில் மட்டும் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணமாக இருக்கலாம். டிவி அமைப்பில் கேம் மோட் இருக்கும், அதைப் போடுங்கள். இல்லையென்றால் லேப்டாப் திரையிலேயே ஆடிப் பாருங்கள். கண்ட்ரோலரை ப்ளூடூத்தில் விடாமல் கேபிளில் மாட்டுங்கள்.

இரண்டாவது குச்சி. சாதாரண கண்ட்ரோலரில் குச்சிக்கு அடியில் கரித்தடம் ஒன்று இருக்கும், அதன்மேல் சின்ன உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே இருக்கும். உரசி உரசித் தேயும். நம் கரையில் இன்னொரு தொல்லை, உப்பு ஈரம். ஜன்னலோரம் வைத்த கண்ட்ரோலரைத் திறந்து பார்த்திருக்கிறேன், உள்ளே திருகாணித் தலையில் பச்சை பூத்திருக்கும். கரித்தடத்தில் அழுக்கு ஏறினால் நீங்கள் நேராக இழுத்தாலும் விளையாட்டுக்குக் கோணலாகப் போய்ச் சேரும். லேப்டாப்பில் கண்ட்ரோலர் சோதனைத் திரையைத் திறந்து, குச்சியைத் தொடாமல் விட்டுப் பாருங்கள். புள்ளி நடுவில் அசையாமல் நிற்கவேண்டும். பக்கவாட்டில் துடித்தால் குச்சியில்தான் பிரச்சினை.

சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு போதும், குச்சியைச் சுற்றிச் சுற்றி ஆட்டவேண்டும், நன்றாகக் காய்ந்தபிறகுதான் மறுபடி ஆன் செய்யவேண்டும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் விடாதீர்கள், அப்படிக் கெட்டு வந்தவை என் மேஜையில் நிறைய. ஆடாத நேரம் மூடி இறுக்கமாக இருக்கும் டப்பாவில், புது செருப்புப் பெட்டியில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஹால் எஃபெக்ட் குச்சி உள்ளதைப் பாருங்கள். அதில் உரசல் கிடையாது, காந்தம்தான் வேலை செய்கிறது.

உப்பூர்_கொடி

கீழக்கரை காக்காவுக்கு ஒரு கேள்வி, உண்மையாகவே கேட்கிறேன். தாழ்வாக அடி, தாழ்வாக அடி என்கிறீர்கள். கொடி பங்கருக்கு, அதாவது மணல் பள்ளத்துக்கு, பின்னால் 4 கஜத்தில் நடப்பட்டிருந்தால் என்ன செய்வது? மணலுக்கு மேல் பந்து போகவேண்டும், விழுந்ததும் நிற்கவும் வேண்டும். அங்கே சிப் என்ன உதவி செய்யும்? நான் ஃப்ளாப் பழகியதே அந்த மாதிரி இடங்களுக்காகத்தான்.

கீழக்கரை_கடலோரம்

நியாயமான கேள்வி தம்பி. அங்கே ஃப்ளாப்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அதை நீ பழகி வைத்திருப்பது உன் பலம். ஆனால் அங்கேயும் முதலில் பந்து எதன்மேல் கிடக்கிறது என்று பார். குட்டைப் புல்லில் கிடந்தால் கிளப்பின் முகம் பந்தைச் சுத்தமாகத் தொடும், முகத்திலிருக்கும் கோடுகள் பந்தைப் பிடித்துப் பின்சுழற்சி கொடுக்கும், பந்து நிற்கும். உயரமான புல்லில் கிடந்தால் முகத்துக்கும் பந்துக்கும் நடுவில் புல் மாட்டிக்கொள்ளும். சுழற்சி குறைந்துவிடும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் பந்து ஓடும். அந்த நிலையில் 4 கஜத்துக்குள் நிறுத்துவது மிகவும் கஷ்டமான காரியம். கொடிக்குப் பக்கவாட்டில், கிரீன் அகலமாக இருக்கும் பக்கம் பந்தைப் போட்டுவிட்டு 20 அடி பட் அடிப்பது மேல். சிலர் இதைக் கோழைத்தனம் என்பார்கள். ஸ்கோரில் ஒரு அடி கூடினால் கூடட்டும், மூன்று அடி கூடக்கூடாது என்பது என் கணக்கு.

நம் மாதிரிக் கடற்கரைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். செவே பாயஸ்தெரோஸ், ஸ்பெயினில் பெத்ரேன்யா என்ற கடலோர ஊர்க்காரர். சிறு வயதில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கிளப், 3 அயர்ன். அதை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் அடித்து அடித்துப் பழகினார். 3 அயர்னில் சாய்வே மிகக் குறைவு, அதைக் கொண்டு பந்தை மேலே எழுப்பவும் தாழ்த்தவும் நிறுத்தவும் கற்றுக்கொண்டவருக்கு மற்ற கிளப்பெல்லாம் எப்படி இருந்திருக்கும்! 1979, 1984, 1988 என்று மூன்று முறை பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தார். அந்தப் போட்டி எப்போதும் கடலோர மைதானங்களில்தான் நடக்கும். லிங்க்ஸ் என்று பேர். மணல் பாங்கான தரை, மேடும் பள்ளமுமான மணல் திட்டு, காற்று, மரம் கிடையாது. தனுஷ்கோடி ரோட்டில் போகும்போது இரண்டு பக்கமும் பார்த்திருப்பாய், கிட்டத்தட்ட அந்த மாதிரி நிலம், மேலே புல் இருக்கும். அந்தத் தரை கெட்டியாக இருப்பதால் பந்து விழுந்ததும் துள்ளி ஓடும். அங்கே ஆடுகிறவர்கள் கிரீனுக்கு 20 கஜம் வெளியிலிருந்துகூட பட் அடிக்கும் மட்டையான பட்டரை எடுத்து உருட்டிவிடுவார்கள். விளையாட்டிலும் கிரீன் விளிம்பில் பந்து கிடந்தால் பட்டரை எடுத்துப் பாருங்கள், வெட்கப்படவேண்டாம்.

வாலிநோக்கம்_சோழகம்

காக்கா சொன்ன தரை விஷயம் எனக்குப் புதிது. அப்படியென்றால் அந்த ஆட்டத்தை நம் ஊர் ஆள் கற்றுக்கொள்வது சுலபமாக இருக்கவேண்டும்.

தேவிபட்டினம்_டீச்சர்

பாம்பன் தம்பியின் எண்களைக் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தேன். 19, 20, 21, 22, 24 ஒரு கூட்டம். 27, 28, 29, 31, 33 இன்னொரு கூட்டம். நடுவில் 25, 26 ஒன்றுகூட இல்லை. அடித்த வரிசையைப் பாருங்கள்: 19க்கு அடுத்து 27, 22க்கு அடுத்து 31, 20க்கு அடுத்து 28. ஒன்று குறைந்தால் அடுத்தது கூடுகிறது. கடைசி வரை ஒன்றுவிட்டு ஒன்று அப்படித்தான். டிவி தாமதம் மட்டும் காரணம் என்றால் எல்லாமே ஒரே பக்கம் கூடியிருக்கும். இது கை செய்கிற வேலை. போன பந்து குறைந்ததைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குக் கூட்டுகிறீர்கள், அது கூடியதும் குறைக்கிறீர்கள். பட்டியல் போடும்போது போன பந்தைத் திருத்தக்கூடாது. பத்தும் ஒரே மாதிரி அடியுங்கள், தப்பாகப் போனாலும் விடுங்கள். சோதனை எழுதும்போது விடையைப் பார்த்துத் திருத்தினால் மார்க்குக்கு என்ன அர்த்தம்?

பாம்பன்காத்து

டீச்சர், சத்தியமாக அப்படித்தான் செய்தேன். எண்களை வைத்தே அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

பாம்பன்காத்து

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன். நடந்ததை எழுதுகிறேன்.

தொண்டி அண்ணன் சொன்னபடி சோதனைத் திரையில் பார்த்தேன். குச்சியைத் தொடாமலே புள்ளி வலது பக்கம் மெதுவாக நகர்ந்து, நடுவுக்கு வந்து, மறுபடி நகர்ந்தது. சுத்தம் செய்தபிறகு நன்றாகக் குறைந்திருக்கிறது. குச்சியின் சின்ன அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடும் டெட்ஸோனையும் கொஞ்சம் கூட்டினேன். டிவியில் கேம் மோட் போட்டேன், கேபிளில் மாட்டினேன். மீட்டர் கையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. வலது இழுப்பில் பாதி குச்சியின் குற்றம். மீதி என்னுடையது: சின்ன அடி என்பதால் முன்னால் தள்ளும்போதும் மெதுவாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். வலது கை ஆட்டக்காரனுக்கு வேகம் குறைந்தால் பந்து வலது பக்கம் போகும். பின்னால் இழுப்பதைக் குறைத்து, முன்னால் தள்ளுவதை டிரைவுக்குத் தள்ளும் அதே வேகத்தில் வைத்தேன். நேராகப் போக ஆரம்பித்தது.

டீச்சர் சொன்ன பட்டியலை மூன்று ராத்திரி உட்கார்ந்து போட்டேன். இப்போது 56 டிகிரி பாதி பத்துப் பந்தும் 22க்கும் 26க்கும் நடுவில் விழுகிறது. குறியையும் சோதித்தேன். என் பிட்ச் குறிக்குப் பக்கத்திலேயே விழுந்து, பிறகு ஓடுகிறது. காக்கா சொன்னது சரி, ஏழாவது குழியில் நான் அடித்த அடி நல்ல அடிதான்.

இதையெல்லாம் அப்பாவிடம் ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். வீச்சு வலை வீசும்போது நீங்கள் மீனைப் பார்த்தா வீசுவீர்கள் என்று கேட்டேன். மீன் எங்கே இருக்கிறதோ அங்கே வீசினால் வலை விழுவதற்குள் அது போயிருக்கும், அது போகும் வழியில் முன்னால் ஒரு இடத்தைப் பார்த்து அங்கே வலை விரிகிற மாதிரி வீசவேண்டும் என்றார். பிறகு எழுந்து போய் வலை இல்லாமலே கையை வீசிக் காட்டினார். இடுப்பு திரும்பியது, கை ஒரே வேகத்தில் போனது, விரல் கடைசியில்தான் திறந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நேற்று ராத்திரி மறுபடி ஆறு பேரும் ஆடினோம். பதினாறாவது குழியில் பந்து கிரீனுக்கு வெளியே லேசான புல்லில் நின்றது. குழி 24 கஜம், 12 பாகம். நடுவில் பங்கர் இல்லை. கிரீன் விளிம்பு 6 கஜத்தில். எதிரே கொஞ்சம் வாடை. பழைய பழக்கத்தில் கை பந்தை உயரமாகத் தூக்கும் லாப் வெட்ஜுக்குப் போனது, நிறுத்தினேன். பிட்சிங் வெட்ஜ், சிப். மூன்று பங்கு, பங்குக்கு 8 கஜம். கிரீன் மேல்நோக்கி ஏறியதால் ஒரு கஜம் கூட்டி 9. விளிம்பைத் தாண்டி 3 கஜத்தில் புல் கொஞ்சம் வெளிறிய ஒரு இடம் இருந்தது, அங்கே குறியை வைத்தேன். கொடியைப் பார்க்கவில்லை. இழுத்துத் தள்ளினேன். பந்து அந்த வெளிறிய இடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் விழுந்து, ஒரு துள்ளு, அப்புறம் உருண்டது. மேட்டில் ஏறும்போது நின்றுவிடும் என்று நினைத்தேன். ஏறி, இடது பக்கம் வளைந்து, குழியை உரசித் தாண்டி நாலு அடியில் நின்றது. அடுத்த பட்டில் உள்ளே. ஹெட்செட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

மூன்றாவதாக வந்தேன். எல்லோருக்கும் ரொம்ப நன்றி.

கீழக்கரை_கடலோரம்

மாஷா அல்லாஹ், தம்பி. லேசான புல்லில் கிடந்த பந்துக்கு 12 விதியை அப்படியே போட்டிருக்கிறாய். புல்லில் சுழற்சி குறைந்து இன்னும் கொஞ்சம் ஓடும். அதனால்தான் நாலு அடி தாண்டியது என்று நினைக்கிறேன். அடுத்த முறை அந்த மாதிரி இடத்தில் ஏற்றத்துக்கென்று கூட்டின ஒரு கஜத்தைக் கூட்டாமல் அடித்துப் பார்.

உப்பூர்_கொடி

நானும் டீச்சர் சொன்ன மாதிரி ஃப்ளாப்புக்கு நோட்டுப் போட்டேன். 64 டிகிரி பாதியில் பத்துப் பந்து: குறைந்தது 9, கூடியது 17. காக்கா சொன்ன பிசகு எண்ணாகத் தெரிகிறது. பங்கர் நடுவில் இருந்தால் மட்டும் அடிக்கிறேன்.

தேவிபட்டினம்_டீச்சர்

உப்பூர்த் தம்பி, பத்து எண்ணையும் அடித்த வரிசையிலேயே இங்கே போடுங்கள், பார்க்கலாம்.